குழந்தையின் சொல்லும் ஓர் அளவை

விழும் குழந்தை கையை ஊன்றித்தான் விழுகிறது. வளரும் வயதில் மிகுதியாக முறிவது மணிக்கட்டை ஒட்டிய எலும்புதான். எக்ஸ்ரே அந்த முறிவைக் காட்டிவிடும். எலும்பை ஒட்டி உள்ளங்கைக்குச் செல்லும் மீடியன் நரம்பு நசுங்கியதா, இழுபட்டதா என்பதைக் காட்டாது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் மதமதத்துக் கிடப்பது அந்தக் குழந்தை ஒன்றுக்கே தெரியும். பிறர் உள்ளே உணர்வதை நாம் எப்படி அறிவது? தத்துவத்தின் இந்தப் பழைய கேள்விக்கு இங்கே உடனே விடை தேவைப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவதற்கான வழிகளான அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. காட்சியின் நால்வகையில் ஒன்று, இன்பதுன்பங்களை உயிர் தானே உணரும் தன்வேதனைக் காட்சி. குழந்தைக்குத் தன்வேதனையாக இருப்பது நமக்கு உரையாக மட்டுமே வந்து சேரும். ஆகவே அந்த உரையைத் தள்ளுகிறவர், அறிவதற்கான ஒரு வாயிலையே அடைத்துவிடுகிறார் என்பேன்.

நம்பத்தக்கவர் சொல்தானே உரை அளவை, அழுது அரற்றும் குழந்தை எப்படி நம்பத்தக்க சாட்சி ஆகும் என்று கேட்கலாம். பயம் சொல்லைக் குழப்பும் என்பது உண்மை. அதற்காகத்தான், அறிகுறியைக் கொண்டு ஊகித்தறியும் கருதல் இருக்கிறது. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டிவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். உணர்வு நரம்பு அறுபட்ட விரல் வெந்நீரில் ஊறினாலும் சுருங்காது. பேச்சு வராத மழலையிடமும் இதைக் காணலாம். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் குழந்தையின் சொல்லே காட்டுகிறது.

இத்தகைய பாதிப்புகளில் பெரும்பாலானவை தாமே குணமாகிவிடுமே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், நரம்பிழை அறாமல் செயல் மட்டும் நின்றிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பும். ஆனால் இது அந்த வகைதான் என்பதைக் கேட்காமல் எப்படி அறிவது? மரமரப்பு மணிக்கு மணி கூடினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அறுவை சிகிச்சை அவசரமாகலாம். எலும்பை இழுத்துப் பொருத்துமுன் கேட்காவிட்டால், நரம்பு விழுந்தபோது கெட்டதா பொருத்தும்போது கெட்டதா என்பதும் தெரியாமல் போகும். இழை அறுந்திருந்தாலோ காத்திருப்பு நீளும்: அத்தகைய நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். வலிக்கிற கைக்கு உரியவர் சிறுவர் என்பதால் அவர் அறிவு சிறிதாகிவிடாது. மாவுக்கட்டுப் போடுமுன் விரல்களைத் தொட்டு, “இங்கே தெரிகிறதா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பதைக் கனிவு என்று மட்டும் எண்ணுகிறோம். உண்மையை அறிய விரும்புகிறவருக்கு அது கடமை.