மாக்கோழியும் ஈய வீரரும்

எண்ணத்தால் செய்யும் கொலையும் கொலையே என்பது ஜினதருமத்தின் துணிபு. யசோதர காவியக் கதையைக் கேளாது வளர்ந்த சமணப் பிள்ளைகள் நம்மிடையே அரியர். தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட இயலாத யசோதர மன்னன், உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை. ஆயினும் அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். இக்கதையை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிவந்த நமக்கு, முதுமையில் அதுவே ஒரு வினாவாகத் திரும்பி வந்தது.

இங்கிலாந்தில் வாழும் மகள் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, பதினைந்து வயதுப் பெயரன் தன் சங்கத்திற்கு நம்மை அழைத்துச் சென்றான். நெப்போலியன் காலப் போர்களைச் சிற்றுருவங்களைக் கொண்டு ஆடும் சங்கம் அது. ஆறடி மேசையின்மேல் குன்றுகளும் வேலிகளும் பண்ணை வீடுகளும் அமைந்திருந்தன. அவற்றினிடையே, வெள்ளீயக் கலவையாலும் பிளாஸ்டிக்காலும் ஆன 28 மில்லிமீட்டர் உயர வீரர்கள் அணிவகுத்து நின்றனர். சட்டைப் பொத்தான்வரை வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. அவ்வண்ணத்திற்காகப் பெயரன் நான்கு மாத மாலைப்பொழுதுகளைச் செலவிட்டிருந்தான்.

அன்று ஆடியது 1815 ஜூன் 18இல் நடந்த வாட்டர்லூ போர். பெயரன் பிரெஞ்சுப் படைக்குத் தலைவன்; எதிரே, நம் வயதை ஒத்த ஒரு பெரியவர் ஆங்கிலப் படைக்கு. முறைவைத்து, அளவு நாடாவால் அளந்து படையை நகர்த்துகின்றனர். பகடை உருட்டிச் சேதத்தை அறிகின்றனர். அன்றைய பிற்பகலில் தளபதி நே செய்ததையே பெயரனும் செய்தான். சதுர வடிவில் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டி நின்ற காலாட்படைமீது குதிரைப்படையை ஏவினான். கத்திச் சுவரின்மேல் குதிரை பாயாது. ஆதலால் அன்று நேயின் தாக்குதல்கள் தோற்றன. மேசையிலும் அதுவே நிகழ்ந்தது. பின்னர் அவனுடைய பீரங்கி எதிரியின் அணியொன்றைச் சிதைத்தபோது, "ஒழிந்தார்கள்!" என்று துள்ளிக் குதித்தான். அக்குரல் நம் நெஞ்சைத் தைத்தது.

வீடு திரும்பியதும், "கண்ணா, இதுவும் மாக்கோழி அல்லவா?" என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தவன், "பாட்டி, யானையும் குதிரையும் தேரும் காலாளும் கொண்ட சதுரங்கத்தை நீங்கள் தாத்தாவோடு ஆடவில்லையா? நெப்போலியன் போர்களை வகுப்பில் நடத்தவில்லையா?" என்றான்.

விடை கூற இயலவில்லை. கரும்பலகையில் அம்புக்குறிகள் வரைந்து, 1805இல் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் பெற்ற வெற்றியை எத்துணைச் சுவையோடு விளக்கினோம்! காரணங்களையும் விளைவுகளையும் கேட்டு மதிப்பெண் இட்டோம். மாண்டவரைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டதில்லை. வாட்டர்லூவில் ஒரே நாளில் 40,000க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர் அல்லது புண்பட்டனர். ஆயிரக்கணக்கான குதிரைகளும் மடிந்தன. பெயரன் பகடையால் ஆடியதை நாம் சுண்ணக்கட்டியால் ஆடியிருக்கிறோம்.

இவ்விளையாட்டின் வரலாறும் சிந்திக்கத் தக்கது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு, படைத்தலைவர்க்கு உண்மைப் போரைப் பயிற்றவே பயன்பட்டது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். உண்மைப் போரின் மடமையை இச்சிறு போரால் உணரலாம் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. கருவி ஏறத்தாழ ஒன்றே, கருத்து வேறு.

நம் அறநூல்கள் உயிரைப் போக்கும் செயலைத் திரவிய இம்சை என்றும், உள்ளத்தில் எழும் கொடுமையைப் பாவ இம்சை என்றும் பிரிக்கின்றன. பயனின்றித் தீமை விளைப்பதை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தில், பிறர் அழிவை எண்ணி மகிழும் அபத்தியானமும் விலக்கப்பட்டுள்ளது. யசோதரனின் குற்றம் மாவைப் பிசைந்ததன்று; கொலையின் பயனை விரும்பிக் கத்தியை ஓங்கியது. மறுபுறம், பரதனும் பாகுபலியும் படைகளை ஒதுக்கி, பார்வையாலும் நீராலும் மல்லாலும் தாமே பொருதனர். எண்ணற்ற வீரர் உயிர் பிழைத்தனர். எனவே குருதியற்ற போட்டி அருளின் வழியாகவும் ஆகலாம். ஆயினும் தோல்வி பொறாத பரதன் இறுதியில் சக்கரத்தை ஏவினான் என்பதையும் மறத்தலாகாது. போட்டி சிறிதாயினும் சினமும் செருக்கும் சிறியன அல்ல.

ஆகவே விளையாட்டை நாம் தடுக்கவில்லை. ஒன்றே கேட்டோம். அச்சங்கத்தின் கணக்கில் ஓர் உருவம் இருபது வீரர்க்கு ஈடு. மேசையினின்று எடுக்கும் ஒவ்வோர் உருவத்தையும் இருபதாற் பெருக்கிக் குறிப்பேட்டில் எழுதுமாறு கூறினோம். அடுத்த வாரம் அவன் காட்டிய பக்கத்தில், குதிரைவீரர் 36 உருவங்கள், 720 மனிதர் என்றிருந்தது. அதன் கீழே, நாம் சொல்லாமலே, "குதிரைகள் 720" என்றும் எழுதியிருந்தான்.

அவன் இன்றும் ஆடுகிறான். துள்ளிக் குதிப்பதில்லை என்று மகள் எழுதுகிறாள். அது போதுமா என்று நம்மால் உறுதி கூற இயலாது. பிள்ளையின் கையில் இருப்பது எது என்று பார்ப்பதோடு நில்லாமல், அப்போது அவன் நெஞ்சில் இருப்பது எது என்றும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளுதல் அதனினும் நன்று. சாமாயிகத்தில் அமரும்போது நாம் அந்தக் கரும்பலகையை இன்றும் நினைக்கின்றோம்.