சரத் காலமும் கொடுத்த வாக்கும்



மஹாளய அமாவாசைக்கு மறுநாள் சரத் ருது தொடங்குகிறது. நமக்கு வருஷப் பிறப்பு சித்திரையிலாயினும், தீர்க்காயுளை வேண்டும் வேதப் பிரார்த்தனைகள் ஆண்டுகளை நூறு சரத் என்றே எண்ணுகின்றன. இந்த ருதுவுக்கு ஏன் இவ்வளவு ஏற்றம்?

ஸ்ரீமத் ராமாயணத்தில், கிஷ்கிந்தா காண்டத்தில் விடை இருக்கிறது. மாரிக்காலம் நான்கு மாதமும் பெருமாள் பிரஸ்ரவண மலையில் காத்திருந்தார். மேகம் விலகிச் சரத் காலம் வந்தது, சுக்ரீவன் வரவில்லை. ராஜபோகத்தில் கொடுத்த வாக்கை மறந்திருந்தான். அனுமன் நினைவூட்டினான், இளைய பெருமாள் வில்லோடு வந்து நின்றார். அதன் பின்னரே பிராட்டியைத் தேடும் பணி தொடங்கிற்று. ஆகவே சரத் தருவது புதிய ஆசையை அன்று. விட்ட கடமையை மீண்டும் ஏற்கும் அவகாசத்தை.

அங்கே மழை ஓய்ந்த இந்த ருதுவில்தான் நம் தாம்பரம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. மலையைச் சூழ்ந்த நீர் வடியத் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது அருகிலுள்ள திருநீர்மலையின் ஸ்தல வரலாறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியதை நாமே கண்டோம். எனவே நமக்கு அவகாசம் மழைக்கு முன்பே.

விஜயதசமியன்று குழந்தை அரிசியில் அகரம் எழுதுகிறது. பெரியோரும் அன்றே தொடங்கலாம்: நின்றுபோன ஸந்தியாவந்தனம், பேச்சறுந்த உடன்பிறப்பின் வீட்டு வாசல், தூர்ந்து கிடக்கும் ஊர்க் கால்வாய். காலம் கடந்ததே என்று கூச வேண்டாம். தாமதித்து வந்து திருவடியில் விழுந்த சுக்ரீவனைப் பெருமாள் எடுத்து அணைத்துக்கொண்டார். அந்தத் திருக்கைகள் நம்மையும் காப்பனவாகுக!