மெதுவாக விழும் குழந்தை

ஒரு குழந்தை கிணற்று விளிம்பை நோக்கித் தவழ்ந்து போகிறது. இன்னும் ஒரு கை எடுத்து வைத்தால் உள்ளே விழுந்துவிடும். நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். என்ன செய்வீர்கள்?

இதென்ன கேள்வி, ஓடிப்போய்த் தூக்குவேன் என்பீர்கள். யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி, அப்பன் குடிகாரனா என்றெல்லாம் விசாரித்துவிட்டா ஓடுவீர்கள்? இரண்டாயிரம் வருஷங்களுக்கும் முன்னால் சீனாவில் மென்சியஸ் என்ற ஞானி இந்தக் கிணற்றைக் காட்டித்தான், மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்று வாதாடினார். 1972-ல் பீட்டர் சிங்கர் என்ற தத்துவப் பேராசிரியர் கிணற்றைக் குளமாக்கினார். குளத்தில் மூழ்கும் குழந்தையைத் தூக்க, சட்டை சேறாவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டோம். அப்படியென்றால் தூர தேசத்தில் பட்டினியில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் கை நீள மாட்டேன் என்கிறது என்று கேட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கிணற்றில் விழும் குழந்தை ஒரு நொடியில் விழுந்துவிடும். அதனால் நாம் பதறுகிறோம். சத்தமே இல்லாமல், ஆறு மாசம் எடுத்துக்கொண்டு மெதுவாக விழுகிற குழந்தையை யார் பார்ப்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் ஞாபகம் இருக்கிறதா? தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் அப்படியே நின்றுபோனது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில், பாலத்தோடு சேரும் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போனது. வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர் போன வட்டாரம் தண்ணீரில் கிடந்தது.

அந்த வாரம் நாமெல்லாரும் மென்சியஸ் சொன்ன மனிதர்களாகவே இருந்தோம். படகு போனது, ஹெலிகாப்டர் போனது, சோற்றுப் பொட்டலமும் பால் பவுடரும் போயின. யாரும் யாரையும் சாதி கேட்கவில்லை.

பிறகு தண்ணீர் வடிந்தது. கணக்கெடுப்பு தொடங்கியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். மாடு செத்திருந்தால் ஒரு தொகை, ஆடு செத்திருந்தால் ஒரு தொகை, பயிருக்கு ஒரு தொகை. எல்லாமே வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கணக்குகளில் ஒரு கேள்வி மட்டும் இருப்பதில்லை. ‘இந்த வீட்டுப் பிள்ளை ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போனதா?’

வாழை சாய்ந்தால் தோட்டத்துக்காரருக்கு நிவாரணம் உண்டு. அந்தத் தோட்டத்தில் தார் சுமந்து பிழைத்தவருக்கு? அவருக்கு வேலையும் இல்லை, சுவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி, பய சும்மாத்தான இருக்கான்? எங்கூட அனுப்பி வையும். மூணு வேளை சோறு போட்டு, நான் பாத்துக்கிடுதேன். இந்தாரும், அட்வான்ஸு.” மிரட்டல் இல்லை, கடத்தல் இல்லை. உதவி மாதிரியே இருக்கிறது.

ஏரலில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியது. வீட்டை இழந்த தஞ்சை மாவட்டக் குடும்பம் ஒன்று, அதைச் சரிசெய்ய நாற்பதாயிரத்துக்கும் குறைவான தொகை வாங்கிக்கொண்டு, மகனை ஆடு மேய்க்க அனுப்பியது. பிறகு அந்தப் பையன் மீட்கப்பட்டான்.

“அந்த அப்பனை நாலு அறை விடணும்!” என்று தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். குடும்பம் முழுக்கத் திறந்த வானத்தின் கீழ் கிடப்பதா, ஒரு பிள்ளை மட்டும் ஆட்டுப் பட்டியில் கிடப்பதா? இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியை அவர் முன்னால் யாராவது வைத்தோமா? வைக்காத நாம் அறை விடக் கை ஓங்குவது எந்த ஊர் நியாயம்?

அதற்காக, “ஏழை வீட்டுப் பிள்ளை உழைச்சாத்தான் உண்டு” என்று தலையாட்டவும் முடியாது. கடன் வாங்கியது அப்பன். பிள்ளை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. கொத்தடிமையாக உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன் செல்லாது என்று 1976-லேயே சட்டம் சொல்லிவிட்டது. சிக்கல் என்னவென்றால், அட்வான்ஸ் கொடுக்கிறவர் வீடு தேடி வருகிறார். சட்டம் வருவதில்லை.

இரக்கம் மட்டும் போதாது என்பதை நாம் ஒருமுறை புரிந்து நடந்துகொண்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு, அநாதையான பிள்ளைகளைத் தத்தெடுக்கப் பலர் முன்வந்தார்கள். உடனே தூக்கிக் கொடுத்துவிட முடியாது என்றது தமிழக அரசு. நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் காப்பகம் திறந்து தானே வளர்த்தது. பிள்ளைகள் பெயரில் பணமும் போட்டு வைத்தது. நல்ல மனசோடு வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் பிள்ளை பிடிக்க வருகிறவனும் கண்ணீரோடுதான் வருவான். இரக்கம் முகத்தில் தெரியும், நோக்கம் தெரியாது. அதனால்தான் கேள்வி கேட்டு, எழுதி வைத்து, அடுத்த வருஷமும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரக்கம் ஓடி வரும். பொறுப்பு திரும்பி வரும். முதலாவது நமக்கு நன்றாகவே வருகிறது. இரண்டாவதில்தான் தடுமாறுகிறோம்.

“நான் சென்னையில இருக்கேன், என்னால என்ன சார் முடியும்?” என்கிறீர்களா? முடியும். கிராமத்துக்குக் கிராமம் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த தடவை சொந்த ஊருக்குப் போகும்போது, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை நடக்கும். வெள்ளத்துக்கு அரிசி மூட்டை கொண்டுபோகும் நண்பர்கள், ஜூன் மாசம் இன்னொரு தடவை போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். “லீவுக்கு அப்புறம் வராத பிள்ளைங்க யாரும் உண்டா?” இந்த ஒரு கேள்வி பத்து மூட்டை அரிசிக்குச் சமம். சந்தேகம் வந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. ஆனால் போனோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அப்பனுக்கு ஒரு வேலையோ, வட்டியில்லாக் கடனோ கிடைக்காவிட்டால், மீட்ட பிள்ளை மறுபடியும் அதே பாதையில்தான் போகும்.

ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். அந்த மாதிரித் திருவிழாக்களில் பிள்ளை தொலைந்தால் என்ன செய்வார்கள்? மைக்கில் அறிவிப்பார்கள். நீலச் சட்டை போட்ட பையன், அஞ்சு வயசு, அம்மா பேர் இன்னது என்று, அம்மா வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப அறிவிப்பார்கள். கூட்டத்தில் அத்தனை பேரும் ஒரு நிமிஷமாவது குனிந்து பக்கத்தில் தேடுவார்கள்.

வகுப்பறையிலிருந்து தொலைந்துபோன பையனுக்கு மைக் கிடையாது. வருகைப் பதிவேட்டில் அவன் பேருக்கு நேரே ‘வரவில்லை’ என்று ஒரு குறி விழுகிறது, மறுநாளும் விழுகிறது. அந்தக் குறியைப் பார்த்துவிட்டு ஒருவராவது எழுந்து போய் அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.