பழைய பண்ணும் புதிய விரல்களும்

இருபத்தைந்து வயதில் ஒரு கலைஞன் துணிந்து ஒன்றைப் படைக்கிறான். பல்லாண்டுகள் கழித்து, தலை நரைத்தபின், அதனிடமே திரும்பி வருகிறான். அப்போது அதன்மேல் அவனுக்கு என்ன உரிமை உண்டு? குறை தெரிந்த இடத்தைத் திருத்தலாமா? திருத்தினால் அன்றைய இளைஞனுக்கு அநீதி இழைத்தவன் ஆவானா? திருத்தாது விட்டால் இன்று பெற்ற அறிவுக்கே மாறாக நடந்தவன் ஆவானா? இக்கேள்வி கலைஞர்க்கு மட்டும் உரியதன்று; ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் ஒவ்வொருவர்க்கும் உரியது. எனினும் இசையை வைத்து எண்ணிப் பார்த்தால் விடை தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்த வி. லட்சுமிநாராயணா, 1958-ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். பெரிதும் பக்கவாத்தியமாகவே மதிக்கப்பட்ட வயலினைத் தனி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. அவருடைய மைந்தர்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூவரும் ஒரே மேடையில் மூன்று வயலின்களுடன் அமர்ந்து அக்கனவை நனவாக்கினர். பின்னர் மூவரும் மூன்று திசைகளில் சென்றனர். மூத்தவர் திரையிசையமைப்பாளராகப் பெயர் பெற்றார். நடுவர் மருத்துவம் படித்தும் வயலினையே வாழ்வாகக் கொண்டு, ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் இணைந்து 1984-இல் 'கான்வர்சேஷன்ஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். இளையவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் சென்று, அங்கு ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினின் நட்பைப் பெற்றார். அந்நட்பில் பிறந்ததே 'சக்தி' என்னும் குழு.

அக்குழுவின் முதல் இசைத்தட்டு, 1975 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. அன்று சங்கருக்கு வயது 25. தப்லா வாசித்த ஜாகிர் உசேனுக்கு 24. கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். மின்கிட்டாரின் பேரொலியால் புகழ் பெற்றிருந்த மெக்லாஃப்ளின் அதை ஒதுக்கிவிட்டு, மரக்கிட்டாருடன் தரையில் அமர்ந்தார். தந்தியை அழுத்திக் கமகம் பிடிக்க வேண்டுமென்று, அக்கிட்டாரின் கட்டைகளுக்கு இடையேயுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் செய்தார். ஜாஸ் இசையில் ஒரு மெட்டை முதலில் வாசித்து, அதன்மேல் ஒவ்வொருவரும் தத்தம் கற்பனையை விரிப்பார்கள். நம் பல்லவியும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் அதற்கு அயலானவை அல்லவே! மூன்று இசைத்தட்டுகள் தந்தபின், அக்குழு 1978-ஆம் ஆண்டளவில் கலைந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், மெக்லாஃப்ளினும் ஜாகிர் உசேனும் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயருடன் அவ்விசைக்குத் திரும்பினர். சங்கரின் வயலின் அதில் இல்லை. அவ்விடத்தில் முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும், பின்னர் உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் ஒலித்தன. விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். 2000 டிசம்பரில் இந்த மும்பை மாநகரில் அவர்கள் நடத்திய கச்சேரியில், நம் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் 'கிரிராஜ் சுதா' பாடினார். ஸ்ரீநிவாஸ் 2014-இல் மறைந்தார். அப்பாடலையே 2023-இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' தொகுப்பில் மீண்டும் பாடியபோது, குழுவில் மறுபடியும் ஒரு வயலின் இருந்தது. அதை வாசித்தவர், தம்பி குமரேஷுடன் இணைந்து இரட்டையராகப் புகழ் பெற்ற கணேஷ் ராஜகோபாலன். மறைந்த ஸ்ரீநிவாஸின் பெயரைத் தாங்கிய ஓர் உருப்படியும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. அதற்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது; அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜாகிர் உசேனும் மறைந்தார்.

ஆட்கள் மாறினர், வாத்தியங்கள் மாறின. அப்படியானால் அது பழைய இசையா, புதிய இசையா? பழையதைப் பிறழாமல் வாசித்திருக்க வேண்டும் என்பார் சிலர். அவ்வாறு வாசிப்பதற்கு இசைத்தட்டே போதுமே! விரல்கள் எதற்கு? முதிர்ந்தபின் இளமைப் பிழைகளை நீக்குவதே கடமை என்பார் வேறு சிலர். அவர்கள் பிழை என்று நீக்குவது பெரும்பாலும் பிழையை அன்று, துணிவையே. கீர்த்தனை பாடும் நம் மரபு இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியை எப்போதோ கண்டுவிட்டது. சாகித்தியம் நிற்கும், சங்கதி வளரும். குரு பாடிய சங்கதிமேல் சீடன் ஒன்றைச் சேர்ப்பான். சேர்த்ததனால் முன்னது அழிவதில்லை.

இதை எனக்கு உணர்த்தியது இசை மட்டுமன்று. பல ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் வந்திறங்கிய முதல் மாதத்தில், ஊரிலிருந்த தந்தையார்க்கு ஒரு கடிதம் எழுதினேன். "இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடுவேன், இவ்வூரில் எனக்குக் கற்க ஒன்றுமில்லை" என்று அதில் வீறாப்பாக எழுதியிருந்தேன். திரும்பவில்லை. தந்தையார் காலமானார். அண்மையில் ஊருக்குச் சென்றபோது, அண்ணன் ஒரு தகரப் பெட்டியிலிருந்து அக்கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். படிக்கப் படிக்க நாணம் மிகுந்தது. கிழிக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, எழுதியவன் நீதான். ஆனால் இது அப்பாவுக்கு வந்த கடிதம். கிழிக்க உனக்கு ஏது உரிமை?" என்றார்.

அச்சொல்லில் என் கேள்விக்கு விடை இருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்ட ஒன்று, கொடுத்தவனுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. 1975-இல் அக்கல்லூரியில் கேட்டவர்க்கும், உடன் வாசித்தவர்க்கும், பின்னாளில் குழுவில் இடம்பெறாத சங்கருக்கும் அவ்விசையில் பங்குண்டு. படைத்தவன் அதன்மேல் சேர்க்கலாம்; கிழித்தல் ஆகாது. சேர்க்கும்போதும், முன்னர் உடனிருந்தவரை மறத்தல் ஆகாது. செய்ந்நன்றியறிதலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? வைத்தியநாதன் 2007-இல் மறைந்துவிட்டமையால், அம்மூவரும் ஒரே மேடையில் அமர்வது இனி இல்லை. எனினும், மூவரும் தனித்தனியே வாசித்தவற்றுள் தந்தை தந்த வில்வீச்சு ஒன்றே என்பதைக் கேட்கும் செவி மறுக்காது.

அன்றிரவு இன்னொரு கடிதம் எழுதினேன். திரும்பாமைக்கான காரணத்தையும், இவ்வூர் எனக்குக் கற்பித்தவற்றையும் அதில் எழுதி, முதற்கடிதத்துடன் சேர்த்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை, இரண்டையும் ஒன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார். நம் பிள்ளைகள் ஒருநாள் நம் இளமையின் பிழைகளைக் கண்டெடுப்பார்கள். அவர்களுக்காக அவற்றை அழித்துவைக்க வேண்டாம். அவற்றின் பக்கத்தில் ஒரு சங்கதி சேர்த்துவைத்தால் போதும்.