கல்லறையில் இருவர்

பொழுதுபடும் நேரம் கல்லடிப் பாலத்தில் இரண்டு இளைஞர் தோளில் கை போட்டுக்கொண்டு வாவியைப் பார்த்தபடி நடந்தால் மட்டக்களப்பில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டாளிமார் என்று விட்டுவிடுவார்கள். அது காதல் என்று தெரிந்தால்தான் ஊர் வாய் திறக்கும்.

இந்தக் கதை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் ஒரு கல்லறை உண்டு. மனித மாண்பைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் பீக்கோ தெல்லா மிராந்தோலா 1494 இல், 31 வயதில் இறந்து அங்கே அடக்கமானார். அவருடைய நண்பர், கவிஞர் பெனிவியேனி, 1542 வரை வாழ்ந்து அதே இடத்தில் அவரோடு சேர்ந்தார். அந்த அன்பு எத்தகையது என்று இன்று சத்தியம் செய்ய எவராலும் முடியாது. சத்தியம் கேட்பதும் அநாகரிகம். ஆனால் அதே நகரில் 1432 முதல் 1502 வரை, ஆணோடு ஆண் கூடுவதை விசாரிப்பதற்கென்றே ‘இரவு அதிகாரிகள்’ என்றொரு சபை இருந்தது. நாமும் வேறல்லோம். கோப்பெருஞ்சோழன் அருகே வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையாரைப் பாடப்புத்தகத்தில் போற்றுகிறோம். செத்தவர்களின் அன்பு நமக்குத் தொந்தரவு தருவதில்லை.

உயிரோடு இருப்பவர்களின் இந்த அன்பை ஏற்க மறுப்போரின் எதிர்வாதம் வெறும் பழைமைவாதமன்று. இங்கே கலியாணம் இருவர் காரியமில்லை. குடி பார்க்க வேண்டும், மகளுக்கு வீடு வளவு எழுத வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவர வேண்டும். மகன் மறுத்தால் தாய் தலைநிமிர முடியாது. அந்த நோவு உண்மையானது. அதை ஆற்ற அவனைக் கட்டாயப்படுத்தி மணம் முடித்தால்? ஆயுள் முழுதும் சேமித்த காசில் ஒரு குடும்பம் கட்டிக்கொடுத்த வீட்டில், காரணம் தெரியாமல் ஒதுக்கப்பட்டுக் கிடக்கப் போகிறவள் இன்னொரு தாயின் மகள். அவளை யாரும் கேட்பதில்லை. ஊர் மானத்தின் கணக்கில் அவள் பெயர் எழுதப்படுவதே இல்லை. இந்த ஒன்றே போதும், கட்டாயம் அறமாகாது என்று சொல்ல.

‘நம் பண்பாடு’ என்று சட்டத்தைக் காட்டுவோருக்கு ஒரு சொல்: ஒருபாலுறவைத் தண்டிக்கும் 365ஆம் பிரிவு 1883இல் ஆங்கிலேயர் இலங்கைக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது. அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.