பிள்ளையின் கணக்கை யார் பார்ப்பது?



சிலிம் ரிவர் வாழ் வர்த்தகச் சகோதரர்களே!

கடை அடைத்ததும் கல்லாவை எண்ணுகிறோம்; வரவு செலவைப் பேரேட்டில் பதிகிறோம்; காசு குறைந்தால் காரணம் தெரியும்வரை உறங்குவதில்லை. நல்ல பழக்கம். ஆனால், நம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்?

“வாத்தியார் பார்த்துக்கொள்வார், பரீட்சை வந்தால் தெரிந்துவிடும்” என்பார் பலர். அந்தச் சமாதானம் இனிச் செல்லாது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-லும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 பரீட்சை 2022-லும் ரத்தாயின. பிள்ளைகளின் பயம் குறைந்தது நல்லதே. ஆனால், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். முடிவைக் கண்டு விழிக்கும் தகப்பனுக்கு முன்னே 17 வயதுப் பிள்ளை நிற்பான். அவன் இரண்டாம் ஆண்டிலேயே வாசிக்கத் தடுமாறியதை அப்போது அறிந்து என்ன பயன்? பரீட்சைகள் வரும், போகும், பொறுப்பு போகாது.

நாயகம் (ஸல்) அவர்கள் நம் ஒவ்வொருவரையும் மேய்ப்பர் என்றார்கள். ஆண் தன் குடும்பத்தாரைப் பற்றியும், பெண் தன் இல்லத்தையும் மக்களையும் பற்றியும் விசாரிக்கப்படுவர் என்று எச்சரித்தார்கள். அந்த விசாரணையில், “டியூஷனுக்குப் பணம் கட்டினேன்” என்ற பதில் போதுமா?

குர்ஆன் ஷரீபில் லுக்மான் (அலை) அவர்களைப் பாருங்கள். மகனுக்குப் புத்தி சொல்ல அவர்கள் வேறொருவரை அமர்த்தவில்லை. தாமே அன்போடு அழைத்து, தவ்ஹீதையும் தொழுகையையும் பொறுமையையும், நடக்கும் நடையையும் பேசும் குரலையும்கூடக் கற்பித்தார்கள்.

நம் பக்கத்துத் தஞ்சோங் மாலிமில் 1922-ல் தோன்றிய சுல்தான் இத்ரீஸ் பயிற்சிக் கல்லூரி, 1997-ல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே எத்தனை நல்லாசிரியர்கள் உருவானாலும், அவர்கள் நம் பிள்ளையோடு இருப்பது பகலில் சில மணி நேரமே. மீதி நேரத்துக்கு வாத்தியார் நாமே.

ஆகவே, இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குவோம். மகனாயினும் மகளாயினும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். மலாய்ப் பாடம் நமக்குப் புரியாவிட்டால் வெட்கமில்லை; “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டு, பிள்ளை சொல்வதைச் செவிமடுப்போம். வீட்டுப்பாடம் முடியுமுன் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று கடையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, தாயும் தகப்பனும் சேர்ந்தே போவோம். அந்த ஒரு மணி நேரத்தில் போகும் வியாபாரம் மறுநாள் வரும். பிள்ளையின் இளம்பிராயம் திரும்பி வராது.

நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.