ஒரே வாகனத்தில் மூவர்



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜனாஸா. அடக்கம் முடிந்ததும் 13 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், அங்க அழுதுட்டு நிக்கிற அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டான். அந்த அண்ணன் இவனுடைய சொந்த மாமா மகன்! இருவருமே அடக்கப்பட்டவரின் பேரன்கள். "பெருநாளைக்குப் பார்ப்பேன் ஹஜ்ரத், பேசினது இல்ல" என்றான். ஆறுதல் சொல்லப் போக நினைத்தவனுக்குப் பெயர் தெரியவில்லை.

சகோதரர்களே, இது பிள்ளைகளின் குற்றமா? பெருநாளன்று நம் வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பெரியவன் கைப்பேசியோடு மாடியில் இருக்கிறான். சின்னவன் கதவைத் தட்டி அழுகிறான். நாமோ கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு வரவேற்பார்கள். அப்படி ஒருமுறை அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) முதலில் வந்தார். அவரைத் தமக்கு முன்னால் அமர்த்தினார்கள். பிறகு ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகன்கள் இருவரில் ஒருவர் வந்தார். அவரைப் பின்னால் ஏற்றினார்கள். மூவருமாக ஒரே வாகனத்தில் மதீனாவுக்குள் நுழைந்ததாக முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

ஜஅஃபர் (ரலி), அலீ (ரலி) இருவரும் உடன்பிறந்தவர்கள். ஆகவே முன்னே இருந்தவரும் பின்னே இருந்தவரும் பெரியத்தா, சாச்சா பிள்ளைகள். வயதில் மூத்தவர் அப்துல்லாஹ். "நீங்களே விளையாடிக்கொள்ளுங்கள்" என்று நபியவர்கள் விட்டுவிடவில்லை. தாமே நடுவில் இருந்து இருவரையும் சேர்த்தார்கள்.

அந்த உறவு நிலைத்தது. பிற்காலத்தில் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் மகன்கள் கர்பலாவில் ஹுசைன் (ரலி) அவர்களோடு நின்று ஷஹீதானதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நாம் என்ன செய்யலாம்? வரும் பெருநாளில் ஒரு சஹனில் ஒரே வயதுப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். 16 வயதுக்காரனோடு ஆறு வயதுக்காரனை உட்கார வையுங்கள். கறித்துண்டைப் பெரியவன் சின்னவன் பக்கம் தள்ளி வைக்கட்டும். கேரம் ஆடினால் ஒரு பெரியவனும் ஒரு சின்னவனும் ஒரு ஜோடி. அப்போது சின்னவனின் வெற்றி பெரியவனுக்கும் வெற்றி. பருவமடைந்த ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் மார்க்க வரம்பைப் பேணித் தனித்தனியே விளையாடட்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மூத்த பிள்ளையைச் சம்பளம் இல்லாத ஆயாவாக ஆக்கிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் சின்னவர்களோடு இருந்தால், அடுத்த ஒரு மணி நேரம் அவனுடையது. அதட்டி அனுப்பினால் அவன் சின்னவனைப் பாரமாகத்தான் பார்ப்பான். முதலில் நீங்கள் பாயில் உட்காருங்கள். அவன் தானாக வந்து உட்காருவான்.

சிறியவர்களிடம் இரக்கமும் பெரியவர்களிடம் மரியாதையும் இல்லாதவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அந்த இரண்டையும் பிள்ளைகள் பழகுவதற்கு இந்தப் பாயைவிட நல்ல இடம் எது?

நாளை நம் ஜனாஸாவில் நம் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, தோளைப் பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும். உறவைச் சேர்த்து வாழும் குடும்பங்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.